பூனை இருந்த வீட்டுக்கு குடிபோனோம்: ஆறு மாசத்துல வாங்கினதுல எது உதவுச்சு, எது வீணாப்போச்சு

முதல்லயே சொல்லிடறேன், புதுசா ஒரு வாடகை வீட்டுக்குப் போய் குழந்தை விடாம தும்ம ஆரம்பிச்சா உடனே ஓடிப்போய் ஏர் ப்யூரிஃபையர் வாங்காதீங்க. நாங்க அதத்தான் செஞ்சோம். அது கெட்ட மெஷின்னு சொல்லல, இப்பவும் தினமும் ஓடுது, ஆனா அத கடைசியா வாங்கியிருக்கணும். அந்த வரிசை தெரியாததால ரெண்டு மாசம் என் பொண்ணு ராத்திரி தூங்கல. அதனாலதான் வாங்கின ஒவ்வொண்ணப் பத்தியும் எழுதுறேன்.

வீட்டப் பாக்கப் போனப்போ பளிச்சுனு இருந்துச்சு, புது பெயிண்ட், நல்ல வெளிச்சம். படுக்கை ரூம்ல மட்டும் தரை முழுக்க ஒட்டின கார்பெட், கட்டிலும் மெத்தையும் வீட்டோடவே வந்துச்சு. மூணாவது நாள் ராத்திரி பொண்ணுக்கு தும்மல், கண்ணு அரிப்பு, விடியக்காலைல லேசா வீசிங். அவளுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா உண்டு, ஆனா பழைய வீட்டுல இன்ஹேலரோட நல்லா கட்டுக்குள்ள இருந்துச்சு. முன்னாடி குடியிருந்தவங்க ரெண்டு பூனை வளர்த்தாங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

ப்யூரிஃபையர் வாங்கி கூடத்துல வச்சோம், ஒரு வாரம் ஓடுச்சு, பெருசா ஒண்ணும் மாறல. ஏன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. அதுக்குள்ள இருக்கற ஹெப்பாங்கற நுண்ணிய ஃபில்டர் 0.3 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தூசியக்கூட 99.97 சதவீதம் பிடிக்கும், அது உண்மைதான், ஆனா அது வரைக்கும் வந்து சேர்ற தூசியத்தான் பிடிக்கும். மெத்தைக்குள்ள இருக்கறது, கார்பெட் அடில இருக்கறது எல்லாம் அது கிட்ட வரவே வராது. டஸ்ட் மைட்னு தூசில வாழற, கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சியோட கழிவுத்தான் தூசி அலர்ஜிக்கு முக்கிய காரணம், அந்த துணுக்குகள் 10 மைக்ரானுக்கும் மேல பெருசா, கனமா இருக்கறதால மெத்தைய உதறினா கிளம்பி அரை மணி நேரத்துக்குள்ள திரும்ப கீழ உக்காந்துடும். குழந்தை மூஞ்சிய தலகாணில புதைச்சு தூங்கும்போது ரூம் மூலைல ஓடுற மெஷின் என்ன செய்யும்? பூனை விஷயம் வேற, அந்த துகள்ல நிறைய 5 மைக்ரானுக்கும் கம்மி, மணிக்கணக்கா காத்துல மிதக்கும், அங்க ப்யூரிஃபையர் நிஜமாவே வேலை செய்யும். ஆனா படுக்கை ரூம்ல, கதவச் சாத்தி, ரூம் அளவுக்கு ஏத்த மெஷினா இருக்கணும். சிஏடிஆர்னு ஒரு நம்பர் பெட்டி மேலயே போட்டிருப்பாங்க, நிமிஷத்துக்கு எத்தன கன அடி சுத்தமான காத்து தருதுங்கறது அது. ரூமோட சதுர அடில மூணுல ரெண்டு பங்காவது இருக்கணும், அதாவது 120 சதுர அடி ரூமுக்கு 80. அதுவும் ஃபேன் முழு வேகத்துல ஓடும்போது வர்ற கணக்கு, சத்தம் வராத நைட் மோடுல அதுல கால்வாசிகூட கிடைக்காம போகலாம். கொஞ்சம் பெரிய மெஷினா வாங்கி நடு வேகத்துல விடறதுதான் என் அனுபவத்துல சரி. கூடத்துல இருந்தப்போ அதுக்கு அஞ்சுக்கு ரெண்டு குடுத்திருப்பேன், படுக்கை ரூமுக்கு மாத்தினப்புறம் நாலு.

அடுத்தது டெஸ்ட். இது பொருள் இல்ல, ஆனா நாங்க செஞ்ச செலவுலயே உருப்படியான செலவு இதுதான். டாக்டர் ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் எடுத்தாரு, அலர்ஜி தர்ற ஒவ்வொரு பொருளோட கரைசலையும் கைல சொட்டு சொட்டா வச்சு லேசா குத்துவாங்க, 15, 20 நிமிஷத்துல தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி சில நாள் அலர்ஜி மாத்திரைய நிறுத்தணும், எத்தன நாள்னு அவங்களே சொல்லுவாங்க, இன்ஹேலர நீங்களா நிறுத்திடாதீங்க. எங்க பொண்ணுக்கு பூனையும் டஸ்ட் மைட்டும் பாசிட்டிவ், பூஞ்சையும் கரப்பானும் இல்ல. இது தெரிஞ்சப்புறம்தான் எதுக்கு காசு போடணும் எதுக்கு வேண்டாம்னு ஒரு தெளிவு வந்துச்சு.

பூனை போயி மாசம் ஆச்சே, இன்னுமான்னு நானும் கேட்டேன். பூனையோட தோல்லயும் எச்சில்லயும் வர்ற ஃபெல் டி 1ங்கற புரதம்தான் காரணம், முடி வெறும் வண்டி மாதிரி, அதச் சுமந்துட்டுப் போகுது. பசை மாதிரி ஒட்டிக்கும், சுவர், ஜன்னல் ஸ்கிரீன், சோஃபா, கார்பெட் ஒண்ணையும் விடாது. 1989ல வந்த ஒரு ஆய்வுல பூனைய வெளிய அனுப்பின வீடுகள்ல தூசிய எடுத்து அளந்து பாத்தாங்க, பூனையே இல்லாத வீட்டு அளவுக்கு இறங்க பெரும்பாலும் 20லேர்ந்து 24 வாரம் ஆயிருக்கு, கார்பெட், சோஃபா மாதிரி சாமான எடுத்துட்ட வீடுகள்ல சீக்கிரமே இறங்கியிருக்கு. இதப் படிச்ச அன்னிக்கே கார்பெட் போகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆனா ஓனர்கிட்ட கேக்க தயக்கம். அதனால முதல்ல ஒரு க்ளீனிங் சர்வீஸ கூப்பிட்டோம், அது பெரிய தப்பாப் போச்சு. கார்பெட்டுக்கு ஷாம்பூ போட்டு தண்ணி ஊத்தித் தேய்ச்சாங்க, உறிஞ்சி எடுக்கறோம்னாங்க, ஆனா மறுநாள் கால வச்சா சொதசொதன்னு இருக்கு, மூணு நாள் காயல. ஈரமான துணியோ கார்பெட்டோ 24லேர்ந்து 48 மணி நேரத்துக்குள்ள காயலன்னா பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும், மைட்டுக்கும் ஈரம்னா கொண்டாட்டம். அது போதாதுன்னு கடைசில ரூம் முழுக்க வாசனை ஸ்ப்ரே வேற அடிச்சிட்டுப் போனாங்க, அந்த வாசனைக்கே பொண்ணுக்கு இருமல் வந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி நெபுலைசர் வைக்க வேண்டியதாச்சு, அந்த ராத்திரிய நான் மறக்க மாட்டேன். ஒண்ணுக்கு மேல மார்க் குடுக்க மனசு வரல. நீங்க கூப்பிடறதா இருந்தா முன்னாடியே மூணு கேள்வி கேளுங்க: எவ்ளோ நேரத்துல காயும், வாக்குவம் மெஷின்ல ஹெப்பா ஃபில்டர் இருக்கா, வாசனை இல்லாத சோப்பு போட முடியுமா. மூணுல ஒண்ணுக்கு மழுப்பினாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

அப்புறம் ஓனர்கிட்ட பேசினோம். "சார், பாப்பாவுக்கு மூச்சு சம்பந்தப்பட்ட பிரச்சனை, டாக்டர் ரிப்போர்ட் இருக்கு, கார்பெட்ட எடுக்க அனுமதி குடுங்க, எடுக்கற செலவு எங்களோடது"ன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. ஓனர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அடில தரை நல்லாத்தாம்மா இருக்கு, எடுத்துக்கோங்க, ஆனா எழுதிக் குடுத்துடுங்க"ன்னாரு. அவ்ளோதான், நான் இதுக்காக ஒரு மாசம் பயந்துட்டு இருந்தேன். எடுக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் போட்டோ எடுத்து ஒப்பந்தத்தோட சேத்து வச்சிக்கோங்க, அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது பிரச்சனை வராது. கார்பெட்ட கிழிச்சு எடுக்கும்போது கிளம்புற தூசி பயங்கரம், பொண்ண ரெண்டு நாள் பாட்டி வீட்டுல விட்டுட்டு நாங்க என்95 மாஸ்க் போட்டுட்டு செஞ்சோம், மேல லேசா தண்ணி தெளிச்சு சுருட்டினா தூசி கம்மியாகும். அப்புறம் சுவர் முழுக்க, கதவு, ஜன்னல் சட்டம், ஃபேன் இறக்கை எல்லாம் சோப்புத் தண்ணில ஈரத்துணி வச்சு மேலேர்ந்து கீழ ரெண்டு தடவ துடைச்சோம், துடைச்ச தண்ணி கலங்கலா வந்துச்சு. ஸ்கிரீன் எல்லாத்தையும் கழட்டி துவைச்சோம். இதுக்கு எந்த மெஷினும் வேண்டாம், ஒரு வாளியும் துணியும்தான், ஆனா மொத்த ஆறு மாசத்துலயும் கண்ணு முன்னாடி வித்தியாசம் தெரிஞ்சது இந்த வாரம்தான். கண்ணு அரிப்பு பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு.

மெத்தை உறை பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுலதான் நிறைய பேர் ஏமாறாங்க. கடைல அலர்ஜி ப்ரூஃப்னு போட்டு விக்கறது எல்லாம் ஒண்ணு இல்ல. மேல மட்டும் எலாஸ்டிக் போட்டு மாட்டற உறை தண்ணி சிந்தாம இருக்கத்தான் லாயக்கு, அலர்ஜிக்கு ஆறு பக்கமும் மூடி ஜிப் போடற உறைதான் வேணும். துணி நெருக்கமா நெய்ததா இருக்கணும், இழைகளுக்கு நடுவுல இருக்கற துளை 10 மைக்ரானுக்கு கீழ இருந்தா மைட் சமாச்சாரம் வெளிய வராது, பூனை துகளும் நிக்கணும்னா 6 மைக்ரான் பாத்து வாங்குங்க. அட்டைல துளை அளவே போடாத உறைய நான் தொடவே மாட்டேன். முதல்ல வாங்கினது பிளாஸ்டிக் மாதிரி, புரண்டு படுத்தா சரசரன்னு சத்தம், முதுகு வேர்த்துடும், பொண்ணு ரெண்டே நாள்ல கழட்டச் சொல்லிட்டா. ரெண்டாவது நெய்த துணி, சாதாரண பெட்ஷீட் மாதிரியே இருக்கு. ஜிப் முடியற எடத்துல சின்ன இடைவெளி இருந்துச்சு, அதுல டேப் ஒட்டிட்டேன். மெத்தைக்கும் தலகாணிக்கும் சேத்துப் போடணும், தலகாணிய விட்டுட்டா பிரயோஜனம் இல்ல. அதுக்கு மேல போடற பெட்ஷீட், தலகாணி உறை, போர்வை எல்லாம் வாரம் ஒரு தடவ 60 டிகிரி சுடுதண்ணில துவைக்கறோம், அந்த சூட்டுல மைட் செத்துடும், பச்சத்தண்ணில துவைச்சா அலர்ஜி சமாச்சாரம் நிறைய கரைஞ்சு போகும் ஆனா மைட் பொழச்சுக்கும். இந்த உறைக்கு அஞ்சுக்கு அஞ்சு.

வாக்குவம் க்ளீனர்: பழசுல ஹெப்பா கிடையாது, முன்னாடி உறிஞ்சி பின்னாடி பொடிய ஊதிட்டு இருந்திருக்கு. புதுசு ஹெப்பா, உடம்பு முழுக்க சீல் பண்ணது, குப்பை பைல சேரும். பை இல்லாத மாடல்ல டப்பாவ கொட்டும்போது எல்லாம் மூஞ்சில அடிக்கும், அதனால பை மாடலே எடுத்தேன். பொண்ணு ஸ்கூல் போனப்புறம்தான் போடறேன். அஞ்சுக்கு நாலு.

அப்புறம் ஹைக்ரோமீட்டர், உள்ளங்கை அளவு ஒரு பொருள், காத்துல ஈரப்பதம் எவ்ளோன்னு காட்டும். இது எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மைட் தண்ணி குடிக்காது, காத்துல இருக்கற ஈரத்த உடம்பாலயே இழுத்துக்கும், ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு கீழயே தொடர்ந்து இருந்தா காஞ்சு செத்துடும். எங்க படுக்கை ரூம்ல காலைல 71 காட்டுச்சு! மெஷின் சரியா காட்டுதான்னு சந்தேகம் வந்தா ஒரு மூடில உப்பு போட்டு சில சொட்டு தண்ணி விட்டு சேறு மாதிரி ஆக்கி, அதையும் மீட்டரையும் ஒரே ஜிப் கவர்ல போட்டு மூடி ஒரு ராத்திரி வைங்க, காலைல 75 காட்டணும். எங்களோடது 73 காட்டுச்சு, ரெண்டு கூட்டிப் பாத்துக்கறேன். உள்ள துணி காயப்போடறத நிறுத்தினோம், குளிக்கற ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன குளிச்சப்புறமும் அரை மணி நேரம் ஓட விட்டோம், அதுலயே 60க்கு வந்துடுச்சு. மீதிக்குத்தான் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற டீஹ்யூமிடிஃபையர், அது தண்ணி ரொம்பின தொட்டிய மறக்காம கொட்டணும், சத்தமும் உண்டு, ஆனா இப்ப 48, 50ல நிக்குது.

அலமாரிக்குப் பின்னாடி சுவத்துல ஒரு கருப்பு திட்டு இருந்துச்சு, பூசணம். அது மேல பெயிண்ட் அடிச்சிடலாம்னாரு ஓனர், நான் ஒத்துக்கல, அடிச்சா உரிஞ்சிட்டு மறுபடி வரும். உள்ள பைப் கசிவு, அத சரி பண்ணி, சோப்புத் தண்ணில தேய்ச்சு, நல்லா காய விட்டு அப்புறம்தான் பெயிண்ட். ப்ளீச்ச வினிகரோடயோ அமோனியா இருக்கற க்ளீனரோடயோ எப்பவும் கலந்துடாதீங்க, விஷ வாயு வரும், ஆஸ்துமா வீட்டுல அது உயிருக்கே ஆபத்து. கரப்பானுக்கு ஸ்ப்ரே வேண்டாம், ஜெல் போதும்.

வீணாப்போனது ரெண்டு. டானிக் ஆசிட் ஸ்ப்ரே, அலர்ஜி புரதத்தையே மாத்திடும்னு சொல்றாங்க, மாத்தும்தான், ஆனா மைட்ட கொல்லாது, கொஞ்ச நாள்ல பழையபடி சேந்துடும், வெளிர் துணில பழுப்பு கறை வேற. இன்னொண்ணு ஓசோன் விடற மெஷின், சொந்தக்காரங்க குடுத்தது, ஒரு நாள்கூட ஆன் பண்ணல. ஓசோன் நுரையீரலையே அரிக்கற வாயு, ஆஸ்துமா இருக்கற வீட்டுக்கு அது ஆகவே ஆகாது.

ஒரே ஒரு பொருள் வாங்கினா சரியாயிடுமான்னு கேக்கறவங்களுக்கு, அமெரிக்காவுல 7 நகரங்கள்ல 937 ஆஸ்துமா குழந்தைகள வச்சு நடந்த ஒரு ஆய்வு 2004ல வந்துச்சு. மெத்தை உறை, ஹெப்பா வாக்குவம், ஏர் ப்யூரிஃபையர், கரப்பான் கட்டுப்பாடு எல்லாத்தையும் அந்தந்த குழந்தையோட அலர்ஜிக்கு ஏத்தபடி சேத்து செஞ்ச வீடுகள்ல தொந்தரவு இருந்த நாள் குறைஞ்சுது. சேத்துச் செய்யணும், டெஸ்ட் பாத்துச் செய்யணும், அதான் எங்க வீட்டுலயும் நடந்தது.

இனிமே வீடு பாக்கப் போனா நான் கேக்கற முதல் கேள்வி முன்னாடி யாரு இருந்தாங்க, என்ன வளர்த்தாங்கங்கறதுதான். அலமாரிய நகத்திப் பின்னாடி பாப்பேன், ஹைக்ரோமீட்டர பைலயே வச்சிருப்பேன். சாமான் இறங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் சாவி கேளுங்க, காலி வீட்டுல சுவர் துடைக்கறது எவ்ளோ சுலபம்னு சாமானோட துடைச்ச எனக்குத்தான் தெரியும்.

இப்ப ஆறாவது மாசம் முடியுது. சோஃபா மட்டும் பாக்கி, அத மாத்தணும். டாக்டர் போன வாரம்தான் இன்ஹேலர் டோஸ குறைச்சாரு. பொண்ணோட யானை பொம்மைய மாசம் ஒரு தடவ கவர்ல கட்டி ஃப்ரீசர்ல ஒரு முழு நாள் வச்சு அப்புறம் துவைக்கறோம், குளிர்ல மைட் செத்துடும், துவைச்சா கழிவும் போயிடும். முன்னாடி அத அவகிட்டேர்ந்து வாங்கறதுக்குள்ள அழுதுடுவா. இந்த மாசம் அவளே கவர்ல போட்டு, முடிச்சுப் போட்டு, ஃப்ரீசர் கதவத் தொறந்து விடச் சொன்னா.