மன்னிப்பா, நேருக்கு நேர் சந்திப்பா?

குற்றத்துக்குக் கிறிஸ்தவர்கள் காட்டிய பதில்களில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் வண்டிக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். குடும்பம் வாழ்ந்த பாரிபதா ஊரிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். வழக்கு அதன் போக்கில் நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு 2003இல் மரண தண்டனை. 2005இல் அது ஆயுள் தண்டனையானது. மன்னிப்பதென்றால் வழக்கை வாபஸ் வாங்குவது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இன்னொன்று, 1974இல் கனடாவின் எல்மைரா. இரண்டு இளைஞர்கள் 22 இடங்களில் பொருள்களை அடித்து நொறுக்கினார்கள். அவர்கள் வழக்கைக் கவனித்த நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்ஸி, சமாதானத்தை வலியுறுத்தும் மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். அவருடைய யோசனைப்படி, பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கே அந்த இளைஞர்கள் போனார்கள். நஷ்ட ஈடும் கொடுத்தார்கள்.

கிளாடிஸின் வழி, குற்றவாளி மனம் மாறாவிட்டாலும் நிற்கும். ஆனால் அதைப் பிறர் கேட்டு வாங்க முடியாது. "மன்னிச்சிடும்மா" என்று அவசரப்படுத்தும் போதகர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். எல்மைரா வழியில் இழந்தவருக்கு ஏதோ திரும்பி வருகிறது. கேள்வி கேட்க ஆளும் கிடைக்கிறது. உடைந்த ஜன்னலுக்கு அது சரி. குடும்ப வன்முறையில், அடித்தவன் முன்னால் மறுபடி உட்காரச் சொல்வது ஆபத்து. அங்கே நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.