பெயரை நகலெடுக்க: மலொக்கும் ஸ்ட்ர்கொப்பியுமா, ஸ்ட்ர்டப்பா?

தோட்டத்துச் செக்ரோலுக்கு (வேலையாட்களின் வருகை, சம்பளப் பதிவேடு) சி மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரை நகலெடுத்து வைக்க வேண்டும்.

மலொக் (malloc) என்ற ஃபங்ஷனால் நினைவகத்தில் இடம் ஒதுக்கி, ஸ்ட்ர்கொப்பியால் (strcpy) நிரப்பினால் அளவை நாமே சொல்ல வேண்டும். சிக்கல் அங்கேதான். 'ஹட்டன்' கண்ணுக்கு நான்கு எழுத்து. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். முடிவைக் காட்டும் பூஜ்ஜியத்தோடு 19. நீளத்தை அளக்கும் ஸ்ட்ர்லென் (strlen) 18 என்றுதான் சொல்லும். அந்த ஒன்றைக் கூட்டாமல் விட்டால், ஒதுக்கிய இடத்துக்கு வெளியே ஒரு பைட் எழுதப்படும். புரோகிராம் அன்றைக்கு ஒழுங்காக ஓடலாம். அப்புறம் சம்பந்தமில்லாத இடத்தில் விழும். தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

ஸ்ட்ர்டப் (strdup) அளப்பது, ஒதுக்குவது, நகலெடுப்பது எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் முடிக்கும். முன்பு யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் மட்டும் இருந்தது. சி மொழித் தரத்தின் சி23 பதிப்பு அதை மொழித் தரத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. வெறும் நகலுக்கு இதையே எடுங்கள்.

பெயருக்குப் பின்னால் 'தோட்டம்' என்று ஒட்ட வேண்டுமா? அப்போது மலொக்தான் சரி, கூடுதல் இடத்தை முன்கூட்டியே கேட்கலாம்.

இடம் கிடைக்காவிட்டால் இரண்டிலும் நல் (NULL) என்ற வெற்று மதிப்பு திரும்பும், பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒதுக்கிய இடத்தை விடுவிக்க ஃப்ரீ (free) போடுங்கள். ஸ்ட்ர்டப்பில் இது எளிதில் மறந்துபோகும், மலொக் என்ற பெயரே கண்ணில் படாதே.