ஏஇடி: சுவர்ப் பெட்டியா, டிரோனா?

இதயம் திடீரென நின்றுபோனவருக்கு நெஞ்சு அழுத்தமும் கிடைக்காவிட்டால், மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த மின்னதிர்ச்சியைத் தானாகவே கணித்துத் தரும் கையடக்கக் கருவிதான் ஏஇடி (AED). அது நோயாளியிடம் எப்படி வந்து சேர்கிறது, சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்தா, டிரோன் வழியாகவா என்பதுதான் கேள்வி.

ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போன்ற கூட்டமான இடங்களில் சுவர்ப் பெட்டிதான் சரி. தூரத்தை மட்டும் இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள்: 150 மீட்டர் தள்ளி இருந்தால் போகவர 300 மீட்டர். அலுவலகத்துக்குள் பூட்டி வைத்த பெட்டி இரவில் இல்லாததற்குச் சமம். நெஞ்சில் ஒட்டும் பட்டையின் ஜெல் காலாவதியானால் தோலில் சரியாகப் பிடிக்காது; பேட்டரியும் தீரும். நிலைகாட்டும் விளக்கைத் தவறாமல் பார்க்க ஓர் ஆளைப் பெயர் குறித்து நியமிக்காவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் பெரும்பாலான இதய நிறுத்தங்கள் நிகழ்வது வீடுகளில். அங்கே சுவர்ப் பெட்டி ஏது? டிரோன் பொருந்துவது இங்குதான். சுவீடனில் 2021 டிசம்பரில், பனி அள்ளும்போது சரிந்த 71 வயதுக்காரருக்கு மூன்று நிமிடங்களைச் சற்றே தாண்டிய நேரத்தில் டிரோன் கருவியைக் கொண்டுவந்தது, அவர் பிழைத்தார். கருவியைக் கயிற்றில் இறக்கிவிடுவதால் டிரோன் தரையிறங்க வேண்டியதில்லை. பலத்த காற்று, மழை, விமானத் தடைப் பகுதி ஆகியவை பறப்பை நிறுத்திவிடும்.

டிரோனின் பெரிய சிக்கல் வாசலில் தொடங்குகிறது. உடனிருப்பவர் ஒருவரே என்றால், கருவியை எடுக்க அழுத்தத்தை நிறுத்தியாக வேண்டும். அவசர உதவி மையத்தில் அழைப்பை ஏற்றவர் தொலைபேசியிலேயே இருந்து, கருவி தரையைத் தொட்ட பிறகே “இப்போது போய் எடுங்கள்” என்று சொல்ல வேண்டும்.