கழற்றி மாட்டும் அலமாரி: சத்துவாச்சாரித் தச்சுப்பட்டறை ஒன்றைப் பற்றி

குழந்தைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் ஐந்து குடும்பங்கள் வேலூர் காட்பாடிப் பக்கம் சேர்ந்திருக்கிறோம். வாரத்தில் மூன்று காலைப்பொழுது, மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகள், முறைவைத்து மாதம் ஒருவர் வீட்டு மாடி. இப்படிக் கூட்டாகத் தொடங்கும்போது எல்லாரும் பாடத்திட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சான்றிதழுக்கு என்ன வழி என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதானால் பத்தாம் வகுப்பு எழுதலாம், அது பிறகு. எங்களை முதலில் திணறடித்தது அலமாரி.

மாதாமாதம் மாடிப்படி ஏறி இறங்க வேண்டிய அலமாரி அது. இணையத்தில் விற்பவை பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. நாலு முறை கழற்றி மாட்டினால் திருகு துளையில் நிற்காது. அதனால் சத்துவாச்சாரியில் ஒரு தச்சுப்பட்டறையில் வேப்பமரத்தில் செய்யச் சொன்னோம். நாலடி நீளம், முப்பது அங்குல உயரம், மூன்று தட்டு.

ஆசாரி ஆணியே அடிக்கவில்லை. எல்லாம் போல்ட், கையாலேயே முறுக்கும் காது வைத்த நட்டு. எந்தச் சட்டம் எந்தக் காலில் சேரும் என்பதற்கு இரண்டு பக்கமும் உளியால் கீறிவைத்திருக்கிறார்: ஒன்றுக்கு ஒரு கீற்று, இரண்டுக்கு இரண்டு. நாங்கள் கேட்காமலே செய்தது. இப்போது அலமாரியைச் சேர்த்து மாட்டுவது ஏழு வயதுக்காரர்களின் வேலை. கீற்றைத் தடவிப் பார்த்துச் சரியான சட்டத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். எண் கற்பிக்க நாங்கள் வாங்கிய அட்டைகளுக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை.

நாற்காலிக்கு மட்டும் வாக்குவாதம். இருக்கை பத்து அங்குல உயரம் போதும் என்றேன். "பிள்ளை வளராதா அம்மா? பதினாலாகப் போட்டால் ரெண்டு வருஷம் ஓடும்" என்றார். கால் தரையில் படாவிட்டால் குழந்தை நெளிந்துகொண்டே இருக்கும், எழுத உட்காராது என்று சொல்லியும் முகம் மாறவில்லை. கடைசியில் என் மகளைக் கழிவுக் கட்டைகளின்மேல் உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தார். பத்துக்கும் அரை அங்குலம் குறைவு. அதற்குமேல் பேச்சில்லை, சின்னவர்களுக்குப் பத்து, பெரியவர்களுக்குப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்.

பாராட்டு இத்தோடு போதும். பிள்ளைகள் பொருள்களைக் கையாண்டு கற்கும் முறையை வகுத்த மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். அவருடைய முறையில் பத்துக் கனசதுரங்களை அடுக்கும் கோபுரம் ஒன்று உண்டு. ஒரு சென்டிமீட்டரில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூடிப் பத்து சென்டிமீட்டர் வரை. தேக்கு மீதி நிறையக் கிடக்கிறதே என்று அதையும் கொடுத்தோம். ஆசாரிக்கு அளவென்றால் அங்குலமும் நூலும்தான். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூன்று மூன்று நூலாக ஏற்றிவிட்டார். கோபுரம் தன்னளவில் குறையில்லாமல் நிற்கிறது. படிக்குப் படி ஒரே ஏற்றம். ஆனால் பெரிய கட்டை மூன்றே முக்கால் அங்குலம், அதாவது பத்து சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் குறைவு. வெளியில் வாங்கிய பழுப்புப் படிக்கட்டோடு, அதாவது அதே முறையில் படிபோல் அடுக்கும் பத்துக் கட்டைகளோடு, சேர்த்து வைத்தால் ஒன்றும் பொருந்தாது. இப்படிப்பட்ட கற்றல் உபகரணம் மட்டும் அதற்கென்றே செய்பவர்களிடம் வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பட்டறையில் அந்தச் சோதனையெல்லாம் கிடையாது. நாம்தான் பார்க்க வேண்டும். சின்னக் கட்டை கடலை அளவு என்பதால், இரண்டு வயதுத் தம்பி தங்கை இருக்கும் வீட்டில் அது மூடி போட்ட டப்பாவுக்குள் போய்விடுகிறது. வண்ணம் பூச அவர் எடுத்த பெயிண்ட் டப்பாவில் ஒட்டுத்தாளே இல்லை. 2017 நவம்பருக்குப் பிறகு வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கக்கூடாது. அந்த டப்பா எந்தக் காலத்ததோ. வேண்டாமென்று ஆளிவிதை எண்ணெய் பூசச் சொன்னோம். வாடை போக வெகுநாள் ஆனது. உப்புத்தாள் தேய்ப்பும் மேற்புறத்தோடு சரி. தட்டின் அடிப்பக்கம் கையைவிட்டுப் பாருங்கள், சிலாம்பு நிற்கும்.

நேரம்? ஆடிக் கிருத்திகைக்குள் தருகிறேன் என்றார். பட்டறை ஆட்கள் காவடியோடு ரத்தினகிரிக்குப் போனார்கள். அலமாரி விநாயகர் சதுர்த்தி கழிந்துதான் வந்தது. ஆடிக்கு முன்பே வேலை கொடுப்பவர்கள் சாமான் ஆவணியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு கொடுக்கலாம்.

பாதிப் பணம் முன்பணம். ரசீது கேட்டால் வெள்ளைத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தருகிறார். ஐந்து குடும்பம் பங்கு போட்ட பணம், ஒரு குடும்பம் விலகும்போது எந்தச் சாமானுக்கு எவ்வளவு என்ற கேள்வி வரும். அலமாரிக்கு, நாற்காலிக்கு என்று தனித்தனியாக எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் எழுதுகிறார்.