ஒரே விண்ணப்பமா, வகுப்புக்கு ஒன்றா?

மயிலாப்பூரில் மெஸ் நடத்தும் என் அத்தை இட்லிப் பொடியும் விற்கிறார். வணிகச் சின்னப் (டிரேட்மார்க்) பதிவில் பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; பொடிக்கு 30ஆம் வகுப்பு, மெஸ்ஸுக்கு 43. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம், தனித்தனியாகவும் கேட்கலாம். சேர்த்தால் கட்டணம் குறையும் என்று நம்பிவிடாதீர்கள். ஆன்லைனில் தனிநபருக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய். எப்படிப் போட்டாலும் 9,000தான். ஒரே எண், ஒரே கோப்பு என்பதுதான் மிச்சம்.

ஆனால் பொடிப் பொட்டலத்தில் அச்சடித்த பெயரைப் போலவே 30இல் ஏற்கெனவே ஒன்று இருந்து ஆட்சேபம் வந்தால், மெஸ்ஸின் பதிவும் கூடவே முடங்கும். பிறகு பிரிக்கச் சட்டத்தில் வழி உண்டு. அதற்கும் தனிக் கட்டணம், கூடுதல் அலைச்சல். தனியாகப் போட்டிருந்தால் 43 தன்போக்கில் நகரும். பொடியின் பெயரில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அத்தையை இரண்டாகவே போடச் சொன்னேன்.