மாடி ரூமுக்கு வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, பவர்லைனா, இல்ல கேபிளே இழுத்துடலாமா?

கீழ ஹால்ல டிவி ஸ்டாண்டு பக்கத்துல ஃபைபர் பாக்ஸ் (பெரும்பாலும் வைஃபை ரௌட்டரும் அதுவே தான்), மாடில ரெண்டு ரூம், அதுல ஒண்ணுல பசங்க ஆன்லைன் கிளாஸோ ஆபீஸ் மீட்டிங்கோ. நம்ம ஊர் தனி வீடுகள்ல நிறைய இடத்துல இப்படித்தான் செட்டப் இருக்கும், மாடி ரூம்ல கதவை சாத்தினா சிக்னல் ஒரு கோடு. உடனே எல்லாரும் பண்றது ஒரு ரிப்பீட்டர், அதாவது ரௌட்டர் சிக்னலை வாங்கி திருப்பி விடற குட்டிப் பெட்டி, ஆர்டர் போடறது. வாங்கறதுக்கு முன்னாடி நாலு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துடலாம். என் கட்சி எதுன்னு இப்பவே சொல்லிடறேன், கேபிள் போக ஒரு வழி இருந்தா கேபிள் தான், மத்ததெல்லாம் அதுக்கு வழி இல்லாதவங்களுக்கு.

ஏன் அப்படின்னா நம்ம வீடு கட்டற விதம். வெளிநாட்டு வீடியோல மரச்சட்டமும் ஜிப்சம் போர்டும் வச்ச வீட்டுல ஒரே ரௌட்டர் எல்லா ரூமுக்கும் எடுக்குதுன்னு காட்டுவாங்க, நமக்கு 9 இன்ச் செங்கல் சுவரு, மேல கம்பி கட்டின கான்கிரீட் தளம். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு பட்டையில (அலைவரிசையில) ஓடும், 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை ரெண்டு சுவர் தாண்டறதுக்குள்ளயே சோர்ந்துடும், 2.4 கொஞ்சம் நல்லா தாண்டும் ஆனா ஸ்பீடு கம்மி, அதோட பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பட்டையில நெரிசல் பண்ணும். நடுவுல ஒரு இரும்பு பீரோவோ ஆளுயரக் கண்ணாடியோ இருந்தா இன்னும் மோசம்.

இன்னொரு விஷயம் நிறைய பேர் யோசிக்கறதில்ல, வைஃபை ரெண்டு பக்கப் பேச்சு. எட்டு ஆன்டெனா வச்ச பெரிய ரௌட்டர் வாங்கினா அது பேசறது போனுக்கு கேக்கலாம், ஆனா போன்ல இருக்கற துளியூண்டு ஆன்டெனா பேசறது திரும்ப கீழ வரைக்கும் கேக்கணுமே, அதனால தான் கோடு ரெண்டு மூணு காட்டும் ஆனா பேஜ் சுத்திக்கிட்டே நிக்கும். "வைஃபை 6 ரௌட்டர் மாத்துங்க சரியாயிடும்"னு சொல்றதும் இதே கதை தான், புது தலைமுறை ஸ்பீடையும் நிறைய டிவைஸை சமாளிக்கறதையும் கூட்டும், சுவரை தாண்டற பலத்தை பெருசா கூட்டாது.

முதல்ல அளந்து பாருங்க. ஆண்ட்ராய்டு போன்ல வைஃபை அனலைசர் ஆப் எதாவது ஒண்ணு போட்டா சிக்னல் மைனஸ் நம்பர்ல டிபிஎம் கணக்குல வரும், மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் நிம்மதியா ஓடும், மைனஸ் 75 தாண்டினா திணறல், 80க்கு மேல போனா இருந்தும் இல்லாத மாதிரி. பத்து நம்பர் இறங்கினா பலம் பத்துல ஒரு பங்கா குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம், அதனால 65க்கும் 75க்கும் வித்தியாசம் பாக்க சின்னதா இருந்தாலும் ரொம்ப பெருசு. அப்புறம் ரௌட்டர் பக்கத்துலயே நின்னு 5 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒரு ஸ்பீட் டெஸ்ட், அங்கயே வாங்கின பிளானுக்கு கிட்ட கூட வரலைன்னா பிரச்சினை லைன்லயோ ரௌட்டர்லயோ இருக்கு, கீழ சொல்றது எதுக்கும் காசு போடாதீங்க.

காசில்லாத வழி ஒண்ணு இருக்கு, ரௌட்டரை நகத்தறது. டிவிக்கு பின்னாடி, ஷோகேஸ் உள்ள, தரையோரம் வச்சிருந்தா எடுத்து உயரமா, முடிஞ்சா மாடிப்படி பக்கம் வையுங்க. படிக்கட்டு இருக்கற இடத்துல தான் தளம் திறந்திருக்கு, மேல போற சிக்னலுக்கு அதை விட நல்ல பாதை கிடையாது. ஆன்டெனா நேரா நின்னா சிக்னல் பக்கவாட்டுல தான் அதிகம் பரவும், மாடிக்கு வேணும்னா ஒண்ணை படுக்க வச்சு பாருங்க. ரௌட்டர் செட்டிங்ஸ்ல 2.4 பட்டைக்கு சேனல் (பட்டைக்குள்ள இருக்கற தடம்) 1, 6, 11 மூணுல எது காலியோ அதுல போடுங்க. ஃபைபர் ஒயரை மட்டும் நீங்களே இழுத்து மடக்காதீங்க, உள்ள கண்ணாடி இழை, நெட் கம்பெனி ஆளை கூப்பிட்டு மாத்திக்கறது நல்லது. இதுலயே மைனஸ் 65 வந்துட்டா விஷயம் முடிஞ்சுது.

வரலைன்னா ரிப்பீட்டர். விலை தான் இதோட ஒரே பலம், பிளக்ல சொருகினா வேலை முடிஞ்சுது. ஆனா விலை கம்மியான ரிப்பீட்டர்ல ரேடியோ ஒண்ணே ஒண்ணு தான், படிக்கட்டுல நின்னு கீழ சொல்றதை கேட்டு மேல கத்தற ஆள் மாதிரி, கேக்கும்போது பேச முடியாது பேசும்போது கேக்க முடியாது, அதனால ஸ்பீடு கிட்டத்தட்ட பாதியாயிடும். ரெண்டு பட்டை இருக்கற மாடல் ஒரு பட்டையில வாங்கி இன்னொண்ணுல குடுக்கும், அது தேவலாம். பெட்டி மேல 300 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கறதை நம்பாதீங்க, அது காத்துல போற கணக்கு, கைக்கு வர்றது அதுல பாதி கூட இருக்காது. இதை சிக்னல் செத்த ரூம்லயே கொண்டு போய் சொருகறது தான் எங்க பாத்தாலும் நடக்குது, அது கேக்கறதே அரைகுறை, அதையே திருப்பி சொல்லும், போன்ல நாலு கோடு முழுசா காட்டும், நெட் வராது. சிக்னல் இன்னும் நல்லா இருக்கற பாதி வழியில வைக்கணும். வாட்ஸாப், யூபிஐ, கொஞ்சம் யூடியூப்னா இது போதும், தினமும் மீட்டிங் இருக்கறவங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

மெஷ்னா ரெண்டு மூணு வைஃபை யூனிட் சேர்ந்து ஒரே நெட்வொர்க்கா ஓடற செட், இது நிஜமாவே ஒரு படி மேல. ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு, கீழ இருந்து மாடிக்கு நடந்து போனா போனை பக்கத்து யூனிட்டுக்கு மாறச் சொல்லி அதுவே கைமாத்தி விடும், ரிப்பீட்டர்ல போன் பழசையே பிடிச்சு தொங்கற தொல்லை ரொம்ப குறையும். ஆனா விளம்பரத்துல சொல்லாத ஒண்ணு, ரெண்டு யூனிட்டும் தங்களுக்குள்ள பேசிக்கறதும் அதே காத்துல தான், நடுவுல அதே கான்கிரீட் தான். மூணு பட்டை இருக்கற செட்ல ஒரு பட்டையை தங்களுக்குள்ள பேசவே ஒதுக்கிக்கும், விலையும் அதுக்கு ஏத்த மாதிரி எகிறும், ரெண்டு பட்டை செட்ல அதே ரோடை எல்லாரும் பங்கு போட்டுக்கணும். ரெண்டாவது யூனிட்டை படிக்கட்டு மேல் முனையில கீழ இருக்கறது கண்ணுக்கு தெரியற மாதிரி வச்சா நல்ல பலன் கிடைக்கும். கம்பெனி குடுத்த பாக்ஸே ரௌட்டரா ஓடிக்கிட்டு இருந்தா மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோடுல (ரௌட்டர் வேலை பாக்காம வைஃபை மட்டும் குடுக்கற மோடு) போடுங்க, இல்லைன்னா ரௌட்டருக்கு பின்னாடி இன்னொரு ரௌட்டராகி சிசிடிவி, கேம், பிரிண்டர் ஒவ்வொண்ணா தகராறு பண்ணும்.

பவர்லைன் அடாப்டர் பத்தி சுருக்கமா. கரண்ட் ஒயர்லயே நெட்டை அனுப்பறது, ஐடியா அருமை, நம்ம ஊர் ஒயரிங்ல தான் இடிக்குது. நிறைய வீட்டுல மூணு பேஸ் லைன், கீழ ஒரு பேஸ் மாடி ஒரு பேஸ்னு பிரிச்சிருப்பாங்க, ஒரு பேஸ்ல போட்டது இன்னொண்ணுக்கு ஒழுங்கா போய் சேராது. இன்வெர்ட்டர் லைன் தனி. ஸ்பைக் பஸ்டர்ல சொருகினா அதுக்குள்ள இருக்கற ஃபில்டர் சிக்னலை தின்னுடும், நேரா சுவர் சாக்கெட்ல தான் போடணும். ஒரே பேஸ், புது ஒயரிங், சுவரை தொட வீட்டு ஓனர் விடமாட்டார்னா, ரிட்டர்ன் எடுத்துக்கற கடையில வாங்கி முயற்சி பண்ணலாம், மத்தவங்களுக்கு வேண்டாம்.

இப்ப கேபிள். லேன் கேபிள்ல கேட் 5இ (Cat 5e) ரகம் போதும், 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிபிபிஎஸ் தாங்கும், புதுசா இழுக்கறதுன்னா கேட் 6 போட்டுடுங்க, விலை வித்தியாசம் பெருசில்ல. கடையில கேக்க வேண்டிய வார்த்தை "முழு காப்பரா" ன்னு, ஏன்னா அலுமினியத்து மேல செம்பு பூசின ஒயர் நிறைய ஓடுது, கம்பியை பிளேடால சுரண்டி பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா வாங்காதீங்க. சுவரை உடைக்கணும்னு பயப்படவே வேண்டாம், பழைய டிஷ் ஒயர் மொட்டை மாடில இருந்து இறங்கின ஓட்டை இருக்கும், ஏசி பைப் போற ஓட்டை இருக்கும், ஜன்னல் ஃப்ரேம் ஓரம் இருக்கும், அதுல ஒண்ணு போதும். வெளிய போறது வெயில் தாங்கற கறுப்பு அவுட்டோர் கேபிளா இருக்கணும், பிவிசி பைப்புக்குள்ள சுவரை ஒட்டி போகட்டும், ஓட்டைக்குள்ள நுழையற இடத்துல கீழ ஒரு வளைவு தொங்க விட்டா மழைத்தண்ணி உள்ள வராது. கரண்ட் ஒயர் போற அதே பைப்ல மட்டும் விடாதீங்க, அது ஆபத்து.

கேபிளுக்குள்ள இருக்கற எட்டு கம்பிக்கும் ரெண்டு முனையிலயும் ஒரே கலர் வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். எட்டும் ஒழுங்கா பிடிச்சிருக்கணும், நாலு மட்டும் பிடிச்சாலும் நெட் வரும் ஆனா 100 எம்பிபிஎஸ்ல முட்டிக்கிட்டு நிக்கும், 200, 300 பிளான் வச்சிருக்கறவங்க "கேபிள் போட்டும் ஸ்பீடு வரலை"னு புலம்பறதுக்கு பெரும்பாலும் இதோ, இல்ல பழைய ரௌட்டரோட போர்ட்டே 100 தானோ தான் காரணம்.

மேல் முனையில புதுசா எதுவும் வாங்கணும்னு கூட இல்ல. பரண்ல கிடக்கற பழைய ரௌட்டர்ல ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருந்தா அதை தட்டிவிட்டா போச்சு. இல்லைன்னா அதோட ஐபியை (நெட்வொர்க்ல அதோட முகவரி) கீழ இருக்கறதோட மோதாத மாதிரி மாத்துங்க, கீழ 192.168.1.1னா மேல 192.168.1.2, டிஹெச்சிபியை (மத்த டிவைஸுக்கெல்லாம் ஐபி குடுக்கற வேலை) ஆஃப் பண்ணுங்க, கேபிளை வான் (WAN, வெளி நெட் லைன் வர்ற) போர்ட்ல போடாம லேன் (LAN) போர்ட்ல போடுங்க. வைஃபை பேரும் பாஸ்வேர்டும் கீழ இருக்கறதே, சேனல் மட்டும் வேற. மெஷ் ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னாலும் இந்த கேபிளை ரெண்டு யூனிட்டுக்கும் நடுவுல போடுங்க, விலை கம்மியான ரெண்டு பட்டை மெஷ் கூட அப்ப வேற மாதிரி ஓடும், என்னை கேட்டா வீட்டுக்கு இதை விட நல்ல செட்டப் கிடையாது.

வாடகை வீடுன்னா தட்டையான லேன் கேபிள் கிடைக்குது, கதவு ஃப்ரேம் ஓரமா ஒட்டி கொண்டு போகலாம், காலி பண்ணும்போது உரிச்சு எடுத்துட்டு போயிடலாம். அதுக்கும் வழி இல்லாத ஃப்ளாட்னா, ஒரே தளம் தானே, மெஷ் வாங்குங்க, நல்லாவே எடுக்கும். வீடு இப்ப தான் கட்டிக்கிட்டு இருக்கீங்கன்னா பூச்சு வேலைக்கு முன்னாடி ஹால்ல இருந்து ஒவ்வொரு மாடிக்கும் ஒரு காலி பைப்பு போட்டு வைக்கச் சொல்லி எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க.

கரண்ட் போறதையும் கணக்குல வச்சுக்கோங்க. கீழ ஃபைபர் பாக்ஸ் இன்வெர்ட்டர்ல ஓடிக்கிட்டு இருக்கும், மாடில இருக்கறது இன்வெர்ட்டர் இல்லாத பிளக்ல இருந்தா மீட்டிங் நடுவுல கட். அந்த சாக்கெட்டை இன்வெர்ட்டர் லைன்ல சேருங்க, இல்ல ரௌட்டருக்குன்னே விக்கற சின்ன யூபிஎஸ் ஒண்ணு வையுங்க, அடாப்டர்ல 9 வோல்ட்டா 12 வோல்ட்டான்னு பாத்துட்டு வாங்கணும்.