இன்டர்வியூ பதில்: மனப்பாடமா, பாயின்ட்ஸா, மாக்கா?

எந்த வேலைக்குப் போனாலும் சுத்திச் சுத்தி அதே கேள்விங்கதான். உங்களைப் பத்தி சொல்லுங்க, பழைய வேலைய ஏன் விடறீங்க, வீக்னெஸ் என்ன, டீம்ல யாரோடயாவது ஒத்துப்போகாம இருந்திருக்கா, சம்பளம் எவ்ளோ எதிர்பாக்கறீங்க. கேள்வி முன்னாடியே தெரிஞ்சும் சொதப்புதுன்னா கோளாறு தயார் பண்ற விதத்துலதான். அதுக்கு மூணு வழி இருக்கு: பதில மனப்பாடம் பண்றது, பாயின்ட்ஸா வச்சுக்கறது, மாக், அதாவது நிஜ இன்டர்வியூ மாதிரியே ஒத்திகை பாக்கறது.

முழுசா எழுதி மனப்பாடம் பண்றத எல்லாரும் திட்டுவாங்க, நான் அவ்ளோ திட்ட மாட்டேன். ரெண்டு இடத்துல அதுதான் சரி. ஒண்ணு, உங்களைப் பத்தி சொல்லும்போது மொத ரெண்டு வரி, படபடப்புல வாய் ஒட்டிக்கற நேரம் அது. இன்னொண்ணு சம்பளம், தொகைய சொல்லிட்டு கப்சிப்னு இருக்கணும், இல்லன்னா அவங்க ஒண்ணும் கேக்காமயே நாமளே குறைச்சுக்கிட்டு வருவோம். மத்த கேள்விக்கெல்லாம் மனப்பாடம் ஆபத்து. ஒரு வரி மறந்தா அப்படியே நின்னுடும், அதவிட மோசம் நடுவுல "சரி, அப்ப உங்க மேனேஜர் என்ன சொன்னார்?"னு ஒரு குறுக்குக் கேள்வி வந்தா எழுதி வச்சதுல அதுக்கு பதிலே இருக்காது.

எனக்குப் புடிச்சது ரெண்டாவது வழி. நிஜமா நடந்த அஞ்சாறு சம்பவத்த எடுத்து, சூழ்நிலை, உங்க பொறுப்பு, நீங்க செஞ்சது, கடைசில என்ன ஆச்சுன்னு நாலு பாயின்டா வச்சுக்கறது, ஸ்டார் முறைன்னு சொல்றாங்களே அதுதான். உதாரணத்துக்கு, வேற டீம் டேட்டா லேட்டா குடுத்ததால ரிப்போர்ட் தள்ளிப்போற நிலைமைன்னு வைங்க. இதே சம்பவம் சண்டை கேள்விக்கும் ஆகும், பிரஷர் கேள்விக்கும் ஆகும், எந்தப் பக்கத்த அழுத்திச் சொல்றீங்கங்கறதுதான் வித்தியாசம். இதுல நெறைய பேர் மாட்டிக்கறது எங்கன்னா, சூழ்நிலைய விளக்கறதுலயே ரெண்டு நிமிஷம் போயிடும், அப்புறம் "நாங்க பேசி முடிச்சோம்"னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. யாரு பேசினா? "கெடச்ச டேட்டாவ வச்சு பாதி ரிப்போர்ட்ட நான் அன்னிக்கே அனுப்பினேன், மீதி எப்ப வரும்னு தேதியும் போட்டேன்"னு சொன்னாதான் அங்க மார்க் விழும். மார்க்னு சும்மா சொல்லல, எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேட்டு முன்னாடியே வச்ச அளவுகோல்ல மார்க் போடற இன்டர்வியூதான் வேலைத்திறன கணிக்கறதுல முன்னாடி நிக்குதுன்னு சாக்கெட்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் குழுவோட 2022 ஆய்வு சொல்லுது, அதனால இந்த மாதிரி இன்டர்வியூ உங்களுக்கும் வரலாம்.

ஆனா பாயின்ட்ஸ பாத்துப் பாத்து படிச்சா மட்டும் போதாது. ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006ல பண்ண சோதனைல, திரும்பத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்ட்ல நல்லா பண்ணாங்க, ஒரு வாரம் கழிச்சு பாத்தா படிக்கறத விட்டுட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தவங்கதான் முன்னாடி இருந்தாங்க. மாக் வேணுங்கறது இதுக்குத்தான்.

மாக்லயும் ஃப்ரெண்டா, போன் ரெக்கார்டிங்கா, சாட்பாட்டான்னு கேட்டா, ஃப்ரெண்டு பாவம் பாத்து "சூப்பர்டா"ன்னு சொல்லிடுவான், உங்க வேலை என்னன்னே தெரியாத ஆள உக்கார வச்சா நல்லது, புரியலன்னா மூஞ்சிலயே தெரிஞ்சுடும். போன் ரெக்கார்டிங் கேக்க கூச்சமாத்தான் இருக்கும், ஆனா நீங்க எத்தன தடவ "ஆக்சுவலி" போடறீங்கன்னு அது ஒண்ணுதான் ஒளிக்காம சொல்லும். சாட்பாட் சலிக்காம குறுக்குக் கேள்வி கேக்கும், அதுக்கு மட்டும் வச்சுக்கங்க, பதிலையும் அதையே எழுதச் சொன்னா திரும்ப மனப்பாடத்துல வந்து நிப்பீங்க, அதுவும் உங்க பேச்சு மாதிரியே இல்லாத ஒண்ண.

நாளைக்கே இன்டர்வியூ, ஒரு ராத்திரிதான் கையில இருக்குன்னா சம்பவம் மூணு போதும், ஒவ்வொண்ணையும் வாய்விட்டு ரெண்டு தடவ சொல்லிட்டு தூங்கப் போங்க.